ஸ்மார்ட் துப்பாக்கி: கட்டாயத்துக்கு முன் சோதனை வேண்டும் – நியூ ஜெர்சி சட்டமியற்றுவோருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: நியூ ஜெர்சி மாநில செனட், பேரவை உறுப்பினர்கள், தனிப்பயன் கைத்துப்பாக்கி அங்கீகார ஆணையத்தின் உறுப்பினர்கள்.

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

உரிமையாளரின் கையில் மட்டும் சுட்டு, வேறு யார் கையில் சிக்கினாலும் இயங்காமல் கிடக்கும் ஸ்மார்ட் கைத்துப்பாக்கிகளையே (சட்டத்தின் மொழியில் 'தனிப்பயன் கைத்துப்பாக்கி') கடைகளில் விற்க வேண்டும் என்று அமெரிக்காவில் முதன்முதலில் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. 2002 டிசம்பரில் ஆளுநர் ஜிம் மெக்கிரீவி கையெழுத்திட்ட அந்தச் சட்டம், 2019 ஜூலையில் ஆளுநர் ஃபில் மர்ஃபி கையெழுத்திட்ட வேறொரு சட்டம் அதன் இடத்துக்கு வரும்வரை, பதினாறு ஆண்டுகளுக்கு மேல் ஏட்டில் இருந்தது. அதன் கட்டாயப் பிரிவு ஒரு நாள்கூட நடைமுறைக்கு வரவில்லை. குழந்தைகளின் கையில் துப்பாக்கி வெடிப்பதைத் தடுக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட ஒரு சட்டம், தான் விரும்பிய பொருள் சந்தைக்கே வராமல் போவதற்கு எப்படிக் காரணமாயிற்று என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனாலும் ஒவ்வொரு பெரிய துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகும் "மீண்டும் கட்டாயமாக்குங்கள்" என்ற குரல் எழுகிறது. அந்தக் குரலுக்குச் செவிசாய்க்க வேண்டாம் என்றும், அதற்குப் பதிலாக 2019ஆம் ஆண்டுச் சட்டம் உங்கள் கையில் தந்திருக்கும் சோதனை அதிகாரத்தை முழுமையாகவும் வெளிப்படையாகவும் பயன்படுத்துங்கள் என்றும் கேட்டுக்கொள்ளவே இந்த மடல்.

துப்பாக்கி எங்களுக்குச் சம்பந்தமில்லாத பொருள் என்று இம்மாநிலத்துத் தமிழர்களில் பலர் இன்றும் நினைக்கிறோம். வேலை விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்கக் கூட்டாட்சிச் சட்டம் சில விதிவிலக்குகள் தவிர இடம் கொடுப்பதில்லை என்பதால், வந்து பல ஆண்டுகள் வரை அந்தப் பேச்சே வீட்டில் எழுவதில்லை. ஆனால் பச்சை அட்டை கிடைத்து, குடியுரிமையும் கிடைத்து, சொந்த வீடும் வாங்கிய பிறகு நிலைமை மாறுகிறது. தங்க நகைக்காக இந்தியக் குடும்பங்களின் வீடுகளைக் குறிவைத்துக் கொள்ளையடிக்கும் கும்பல்களைப் பற்றிய செய்திகள் வந்த பிறகு, கைத்துப்பாக்கி வாங்கும் அனுமதிக்கு உள்ளூர்க் காவல் நிலையத்தில் விண்ணப்பித்த நண்பர்கள் எனக்கு உண்டு. வாங்காதவர்களின் பிள்ளைகளும் பள்ளித் தோழர்களின் வீடுகளுக்கு விளையாடப் போகத்தான் போகிறார்கள். அந்த வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறார்களா என்று கேட்பது மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று தயங்கும் பெற்றோர்களில் நானும் ஒருவன். ஆகவே இதை வேறு யாருடைய பிரச்சினையாகவோ நினைத்து எழுதவில்லை.

முதலில், இந்தத் தொழில்நுட்பத்தால் எது முடியும், எது முடியாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். தற்செயலாக வெடித்து இறந்தவர்கள் 549 பேர். தன் சொந்தத் துப்பாக்கியால் தன்னையே சுட்டுக்கொள்ளும் ஒருவரை, அவருடைய கைரேகையை அறிந்த துப்பாக்கி தடுக்காது. மாறாக, அவருக்காகவே திறந்துகொள்ளும். இந்த உண்மையை மறைத்துவிட்டு, ஸ்மார்ட் துப்பாக்கி வந்தால் சாவுகள் பாதியாகிவிடும் என்பதுபோல் மேடைகளில் பேசுவது மக்களை ஏமாற்றுவதாகும். நாடு முழுவதும் தனியார் கைகளில் ஏற்கெனவே சுமார் 39 கோடித் துப்பாக்கிகள் இருக்கின்றன என்ற மதிப்பீட்டையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். புதிதாக விற்கும் துப்பாக்கி எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் பழையவை அலமாரியில் அப்படியேதான் இருக்கும்.

ஆனால் பலன் இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 2020 முதல், இந்நாட்டில் 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களின் சாவுக்கு முதற்காரணமாக வாகன விபத்தைத் தள்ளிவிட்டுத் துப்பாக்கி வந்து நிற்கிறது. துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் பதின்ம வயதினரில் பெரும்பாலோர் எடுப்பது தங்கள் வீட்டாரின் துப்பாக்கியைத்தான். 2023 ஜனவரியில் வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸ் நகரில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் வகுப்பறையில் தன் ஆசிரியையைச் சுட்டது, அவனுடைய தாய் வாங்கி வைத்திருந்த கைத்துப்பாக்கியால். இதுபோன்ற இடங்களில், அதாவது ஒருவர் வாங்கிய துப்பாக்கி, வாங்கியவர் அல்லாத ஒருவர் கைக்குப் போகும் இடங்களில், இந்தத் தொழில்நுட்பம் உயிரைக் காப்பாற்றக்கூடும். வீட்டிலிருந்தோ காரிலிருந்தோ திருடப்பட்ட துப்பாக்கியும் திருடனுக்கு உடனே பயன்படாது. இவ்வளவுதான் அதன் எல்லை. இந்த எல்லைக்குள் நின்று பார்த்தாலும் முயற்சி தகும் என்பதே என் கருத்து.

இனி 2002ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வருகிறேன். அன்று பேரவை உறுப்பினராக இருந்து, பின்னர் செனட்டுக்குச் சென்ற லொரெட்டா வெயின்பெர்க் அதற்காக உழைத்தவர்களில் முதன்மையானவர். நாட்டின் எந்த மூலையிலாவது ஒரு தனிப்பயன் கைத்துப்பாக்கி சில்லறை விற்பனைக்கு வந்துவிட்டது என்று நம் மாநில அட்டர்னி ஜெனரல் உறுதிசெய்தால், அதிலிருந்து சில ஆண்டுகளுக்குள் நியூ ஜெர்சிக் கடைகளில் அந்த வகைத் துப்பாக்கியை மட்டுமே விற்கலாம் என்பது அதன் சாரம். இந்த ஏற்பாட்டின் பின்னாலுள்ள கணக்கு காகிதத்தில் பார்க்க அழகாகவே இருந்தது. தயாரிப்பாளருக்கு உறுதியான சந்தை கிடைக்கும், ஆகவே அவர் பணம் போட்டு ஆராய்ச்சி செய்வார் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் அதே ஏற்பாட்டை மறுபக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு, கலிபோர்னியாவிலோ மேரிலாந்திலோ ஒரு கடைக்காரர் ஒரே ஒரு ஸ்மார்ட் துப்பாக்கியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் போதும், நியூ ஜெர்சியில் மற்ற எல்லாக் கைத்துப்பாக்கிகளின் விற்பனைக்கும் நாள் குறிக்கப்பட்டுவிடும் என்பதே தெரிந்தது.

அது கற்பனைப் பயமாக நிற்கவில்லை. ஜெர்மனியின் ஆர்மாட்டிக்ஸ் நிறுவனம் ஐபி1 என்ற பாயின்ட் 22 கேலிபர் கைத்துப்பாக்கியைக் கொண்டுவந்தது. அதோடு வரும் கைக்கடிகாரம் ரேடியோ அலை மூலம் அனுமதி தந்தால்தான் அது சுடும். 2014இல் கலிபோர்னியாவில் ஒரு துப்பாக்கிப் பயிற்சி மையம் அதை விற்கப்போவதாகச் செய்தி வந்ததும் எதிர்ப்பு வெடித்தது. அந்த மையம் பின்வாங்கியது. சில வாரங்களில் மேரிலாந்தின் ராக்வில் ஊரில் ஒரு கடைக்காரர் விற்க முன்வந்தார். அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன, அவரும் கைவிட்டார். மிரட்டியவர்களை நியாயப்படுத்த என்னால் முடியாது. எனினும், அந்தக் கோபத்துக்கு எரிபொருள் ஊற்றியது நம் மாநிலத் தலைநகர் டிரென்டனில் நிறைவேறிய ஒரு சட்டப்பிரிவு என்பதையும் மறுக்க முடியாது. துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் தேசியத் துப்பாக்கிச் சங்கம் (என்.ஆர்.ஏ.) இன்றுவரை சொல்லிவருவது, தொழில்நுட்பத்தை எதிர்க்கவில்லை, கட்டாயத்தைத்தான் எதிர்க்கிறோம் என்பது. அவர்கள் மனத்தில் உண்மையில் என்ன இருந்தாலும், அந்த வாதத்தை அவர்களுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்தது நாம்தான்.

இதில் வேதனையான வேடிக்கை ஒன்றும் உண்டு. அதே 2014ஆம் ஆண்டின் இறுதியில் நம் அட்டர்னி ஜெனரல் அலுவலகம் ஐபி1ஐ ஆராய்ந்து, அது நம் சட்டம் சொல்லும் தனிப்பயன் கைத்துப்பாக்கியே அல்ல என்று அறிவித்தது. கடிகாரம் 10 அங்குலத் தொலைவுக்குள் இருந்தால் அந்தத் துப்பாக்கியை யார் வேண்டுமானாலும் சுடலாம், ஆகவே அது உரிமையாளரை அடையாளம் காணவில்லை என்பது அதற்குச் சொன்ன காரணம். அதாவது, ஒரு கடைக்காரர் உயிருக்கு அஞ்சி ஓடியதற்குக் காரணமான அந்தத் துப்பாக்கி, சட்டத்தின் கட்டாயத்தை ஒருபோதும் இயக்கியிருக்காது. விற்பனைக்கு முன்பே தெளிவான தரமும் சோதனை முடிவும் வெளியாகியிருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது.

வெயின்பெர்க் அம்மையாரின் நேர்மையை இங்கே பாராட்ட வேண்டும். துப்பாக்கிச் சங்கம் இத்தகைய துப்பாக்கிகளின் விற்பனைக்குக் குறுக்கே நிற்பதை விட்டால், தன் சட்டத்தை நீக்கத் தானே முன்னிற்பதாக 2014லேயே அவர் அறிவித்தார். பிறகு வந்த திருத்த மசோதாவுக்கு ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டியின் ஒப்புதல் கிடைக்கவில்லை. 2019இல்தான் வழி பிறந்தது. புதிய சட்டம் எழுவர் கொண்ட ஆணையத்தை அமைத்தது; தரம் வகுப்பதும், தேறிய துப்பாக்கிகளின் பட்டியல் தயாரிப்பதும் அதன் வேலை. பட்டியலில் முதல் துப்பாக்கி ஏறிய 60 நாட்களுக்குள், உரிமம் பெற்ற ஒவ்வொரு கடையும் அவற்றில் ஒன்றையாவது விற்பனைக்கு வைக்க வேண்டும். பழைய வகைத் துப்பாக்கிகளின் விற்பனைக்கு எந்தத் தடையும் இல்லை. வாங்குபவருக்குத் தேர்வு உண்டு. இதுதான் சரியான ஏற்பாடு என்று நான் கருதுகிறேன்.

பழைய கட்டாயத்துக்குத் திரும்பினால் அது நீதிமன்றத்திலும் நிற்காது என்பது என் கணிப்பு. 2008இல் ஹெல்லர் வழக்கில், வீட்டில் துப்பாக்கியை எப்போதும் பூட்டியோ பிரித்தோ வைக்க வேண்டும் என்ற வாஷிங்டன் நகர விதியை உச்ச நீதிமன்றம் செல்லாது என்று ரத்து செய்தது. 2022இல் புரூன் வழக்கில், துப்பாக்கிக் கட்டுப்பாடு எதுவாயினும் அது நாட்டின் வரலாற்று மரபோடு பொருந்த வேண்டும் என்று சொன்னது. மின்கலத்தில் இயங்கும் துப்பாக்கியை மட்டுமே விற்கலாம் என்பதற்கு வரலாற்று முன்னுதாரணம் தேடப்போனால் வழக்கறிஞர்களுக்குத்தான் வருமானம்.

ஆகவே எல்லாம் சோதனையில் வந்து நிற்கிறது. இங்கே ஒரு முன்மாதிரியைச் சொல்ல விரும்புகிறேன். மருந்துக் குப்பிகளில் குழந்தைகள் திறக்க முடியாத மூடி வேண்டும் என்று கூட்டாட்சி அரசு 1970இல் சட்டம் இயற்றியது. அந்த மூடியை அதிகாரிகள் மேசைமேல் வைத்துப் பார்த்துத் தேர்வு செய்வதில்லை. மூன்றரை முதல் நான்கேகால் வயது வரையுள்ள குழந்தைகளிடம் குப்பியைக் கொடுத்து, மொத்தம் பத்து நிமிடம் விட்டுப் பார்க்கிறார்கள். திறப்பதைச் செய்து காட்டிய பிறகும் நூற்றுக்கு எண்பது பேராவது திறக்க முடியாமல் இருக்க வேண்டும். அதோடு நிறுத்தவில்லை. மூடி மிகவும் கடினமாக இருந்தால் முதியவர்கள் அதைத் திறந்தே போட்டுவிடுகிறார்கள், அப்போது இருந்த பாதுகாப்பும் போய்விடுகிறது என்று அனுபவத்தில் கண்டு, 1995இல் 50 முதல் 70 வயது வரையுள்ளவர்கள் அதை எளிதாகத் திறக்கிறார்களா என்ற சோதனையையும் சேர்த்தார்கள். அந்நியர் கையில் திறக்கக் கூடாது, உரியவர் கையில் திறந்தே ஆக வேண்டும் என்ற இரட்டைக் கடமை துப்பாக்கிக்கும் அப்படியே பொருந்தும். ஆனால் மூடியைச் சோதிக்கும் அதே நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கியைத் தொடும் அதிகாரம் இல்லை. நாடாளுமன்றம் விலக்கி வைத்துவிட்டது. தலைவலி மாத்திரைக் குப்பிக்கு உள்ள சோதனை கைத்துப்பாக்கிக்குக் கூட்டாட்சி அளவில் இல்லாத நாட்டில், உங்கள் ஆணையம் வகுக்கும் தரம் நியூ ஜெர்சியைத் தாண்டியும் பேசப்படும்.

அந்தத் தரத்தில் மூன்றாவது வகைச் சோதனை ஒன்றும் வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். அது, துப்பாக்கியை ஏமாற்றிப் பார்க்கும் சோதனை. 2017இல் ஐபி1ஐ ஒரு ஹேக்கர் ஆராய்ந்தார். ஏறக்குறைய 15 டாலர் விலையுள்ள காந்தங்களைத் துப்பாக்கியின் பக்கத்தில் வைத்து, கடிகாரமே இல்லாமல் சுட்டுக் காட்டினார். அதுமட்டுமல்ல, ரேடியோ அலையைக் குழப்பி, உரிமையாளரே சுட முடியாதபடி செய்யவும் முடிந்தது. தற்காப்புக்காக வாங்கியவருக்கு இந்த இரண்டாவது குறைதான் அதிக அச்சம் தரும். தயாரிப்பாளரின் ஆய்வுக்கூடம் இவற்றைக் கண்டுபிடிக்கவில்லை, அல்லது கண்டுபிடித்தும் சொல்லவில்லை. பட்டியலில் சேர விரும்பும் ஒவ்வொரு துப்பாக்கியையும் தயாரிப்பாளரோடு தொடர்பில்லாத வல்லுநர்களிடம் கொடுத்து, எத்தனை நேரத்தில், எவ்வளவு செலவில், என்ன கருவியைக் கொண்டு அதை முறியடிக்க முடிந்தது என்பதை ஆணையம் வெளியிட வேண்டும். எந்தத் துப்பாக்கியையும் பட்டறையில் பிரித்து மேய்ந்தால் இயங்க வைத்துவிடலாம். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆறு வயதுக் குழந்தைக்கும் பதினாறு வயது மாணவனுக்கும் அவசரத்திலிருக்கும் திருடனுக்கும் அது எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்பதே கேள்வி. அந்தப் பதினாறு வயது மாணவன் யூடியூப் பார்ப்பவன் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இன்றைய தொழில்நுட்பம் ஐபி1இன் காலத்தைத் தாண்டி வந்திருக்கிறது. கொலராடோவில் பயோஃபயர் நிறுவனம் 2023இல் அறிவித்த 9 மி.மீ. கைத்துப்பாக்கி, கைரேகையையோ முகத்தையோ பார்த்துத் திறந்துகொள்கிறது. கடிகாரம், மோதிரம் எதுவும் வேண்டாம். அப்போது அறிவித்த விலை 1,499 டாலர். சாதாரண 9 மி.மீ. கைத்துப்பாக்கிகள் அதில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கின்றன. நியூவார்க்கில் உள்ள நம் நியூ ஜெர்சி தொழில்நுட்பக் கல்விநிலையமும், துப்பாக்கிப் பிடியை ஒருவர் இறுக்கும் விதத்தைக் கொண்டே ஆளை அறியும் முறையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. ஈரக் கை, கையுறை, இருட்டு, வியர்வை, தீர்ந்துபோன மின்கலம் ஆகிய நிலைகளில் இவற்றில் எது எப்படி நடந்துகொள்கிறது என்பதை விளம்பரப் படங்களிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. நள்ளிரவில் கதவை உடைக்கும் சத்தம் கேட்டு நடுங்கும் கையோடு துப்பாக்கியை எடுப்பவருக்கு, முதல் முயற்சியிலேயே அது திறக்கிறதா என்பதை எண்ணாகத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. நூற்றில் எத்தனை முறை தவறுகிறது என்பதை வெளியிடத் தயங்கும் தயாரிப்பாளரின் துப்பாக்கியைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

காவல் துறையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2002ஆம் ஆண்டுச் சட்டம் காவலர்களுக்கு விலக்கு அளித்தது. "போலீஸுக்கு நம்பிக்கையில்லாத துப்பாக்கி எங்களுக்கு மட்டும் எதற்கு?" என்று எதிர்ப்பாளர்கள் கேட்டபோது சட்டத்தின் ஆதரவாளர்களிடம் தெளிவான பதில் இருக்கவில்லை. காவலரின் தேவை வேறு என்பது உண்மைதான். காயம்பட்ட சக காவலரின் துப்பாக்கியை எடுத்துச் சுட வேண்டிய நேரமும் அவருக்கு வரலாம். ஆனால் கைகலப்பில் காவலரின் துப்பாக்கியையே பிடுங்கி அவரைச் சுடும் ஆபத்துதான் இந்த ஆராய்ச்சிக்கு ஆரம்ப நாட்களில் உந்துதலாக இருந்தது என்பதால், அவர்களை முற்றிலும் ஒதுக்கி வைப்பதற்கும் காரணம் இல்லை. விருப்பமுள்ள சில காவல் நிலையங்களில், முதலில் பயிற்சித் திடலில் மட்டும், ஒப்புதல் அளித்த காவலர்களைக் கொண்டு ஓராண்டுச் சோதனை நடத்த நிதி ஒதுக்குங்கள். நூற்றுக்கணக்கான கைகள், ஆயிரக்கணக்கான தோட்டாக்கள், நான்கு பருவங்கள் என்று ஓராண்டு கிடைக்கும் அந்தத் தரவு, எந்த நிபுணர் குழுவின் அறிக்கையையும்விட வாங்குபவரின் மனத்தை மாற்றும். எதிராக வந்தாலும் வெளியிடுங்கள்.

சட்டமன்ற உறுப்பினர்களுக்குக் குறிப்பாக ஒரு வேண்டுகோள். கடைகள் ஒரு ஸ்மார்ட் துப்பாக்கியையாவது வைத்திருக்க வேண்டும் என்ற விதியை, பெயரளவில் ஒன்றை வைத்தே ஒரு கடைக்காரர் நிறைவேற்றிவிடலாம். விருப்பமில்லாதவரை விற்க வைக்கச் சட்டத்தால் முடியாது. ஆனால் வாங்க விரும்புபவர் கையில் எடுத்து, தன் கைரேகையைப் பதிந்து, சுடும் திடலில் முயன்று பார்க்க ஏதாவது ஓர் இடம் மாநிலத்தின் வடக்கிலும் நடுவிலும் தெற்கிலுமாக இருக்கட்டும். பாதுகாப்புப் பெட்டகமும் பூட்டும் வாங்குபவர்களுக்கும் இந்தத் துப்பாக்கியை வாங்குபவர்களுக்கும் வரிச் சலுகை தரலாமா என்றும் ஆராயுங்கள். பெட்டகத்தை ஏன் சேர்க்கிறேன் என்றால், ஸ்மார்ட் துப்பாக்கி வாங்கியவர் "இனி பூட்ட வேண்டியதில்லை" என்று படுக்கையறை மேசைமேல் வைத்துவிடும் ஆபத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. சிறார் கைக்கு எட்டும்படி தோட்டா நிரப்பிய துப்பாக்கியை வைப்பது குற்றம் என்ற நம் மாநிலச் சட்டம் இவற்றுக்கும் பொருந்துமா, எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதைத் திருத்தம் மூலம் சந்தேகத்துக்கு இடமின்றி எழுதிவிடுங்கள். பூட்டும் கடமை தொடர வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

ஆணையத்திடம் கேட்பவை இரண்டு. சோதனைத் தரத்தையும், ஒவ்வொரு துப்பாக்கியின் முழுச் சோதனை முடிவையும், தேறாதவற்றின் முடிவுகளையும் சேர்த்து, பொதுமக்கள் படிக்கும் மொழியில் வெளியிடுங்கள். ஒருமுறை தேறியது என்றென்றும் தேறியதாக இருக்கக் கூடாது என்பதால், மென்பொருள் மாறும்போதும், புதிய முறியடிப்பு முறை தெரியவரும்போதும் மறுசோதனை செய்யவும், வேண்டியிருந்தால் பட்டியலிலிருந்து நீக்கவும் விதி வகுத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பதிலை எனக்குத் தனியாக எழுத வேண்டியதில்லை. ஆணையத்தின் அடுத்த பொதுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, அங்கு எடுத்த முடிவைக் கூட்டக் குறிப்பில் பதிந்தால் போதும்.

இப்படிக்கு,
மிடில்செக்ஸ் கவுன்ட்டியில் வாழும் ஒரு தமிழ் வாக்காளர்